அப்பா சின்னப் போத்தலை எந்தப் பக்கம் கட்டினார்

மகன், போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். சோறு அடிப்பிடிக்குது என்று சொல்லிக்கொண்டு நான் எழும்பிப் போனேன். சோறு அடிப்பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்து அரைமணித்தியாலம் ஆகியிருந்தது. நீ குசினிக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அணைந்த அடுப்புக்கு முன்னால் கரண்டியும் கையுமாக நான் விறைத்துப்போய் நிற்பதைக் கண்டிருப்பாய். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க என்னை வாய்க்காரி என்றுதான் சொல்லும். தண்ணிக்குழாயடியில் என்னோடு சண்டை பிடித்து வென்ற ஒருத்தியும் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு உன்னுடைய ஒரு சின்னக் கேள்விக்கு வாய் வரவில்லை. அதனால்தான், எழுத்துக்கூட்டி எழுதுகிற இந்தக் கையால், இரண்டு நாளாகத் தையல் மெஷின் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். மாலைதீவு வேலைக்கென்று வாங்கிய அந்த மஞ்சள் போத்தலைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதைப் பின்னால டேங்கோட சேத்துக் கட்டவா, பக்கத்தில தொங்கவிடவா? அப்பா எந்தப் பக்கம் கட்டினவர்?" என்றாய். முதுகில் இருக்கிற பெரிய டேங்கில் காற்று முடிந்தால் மேலே வந்து சேர்வதற்காகக் கொண்டுபோகிற சின்னப் போத்தல். உன்னுடைய முழங்கை நீளம்கூட இல்லை. உன் அப்பாவுடையது சாம்பல் நிறம், அடியில் பெயின்ட் உரிந்திருந்தது. மற்றப்படி அதேதான். பிறகு நீயே பதிலையும் சொன்னாய். "என்ன, அவருக்குக் கட்டுறதுக்கு எங்க விட்டவங்கள்? பொலிஸ்காரங்கள்தானே கொண்டு போனவங்கள்" என்று பல்லைக் கடித்தாய். அந்தப் பல்லைக் கடிக்கிற சத்தம்தான் என்னை இந்த மேசையில் கொண்டுவந்து இருத்தியது.

முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியும், மகன். உன் அப்பாவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்கும் தெரியும், ஏனென்றால் அதைக் கட்டுகிற பட்டியைத் தைத்தவள் நான். நீ அப்போது ஐந்து வயதுப் பிள்ளை. அப்பாவும் கல்கிசை சுனிலும் சேர்ந்து படகில் போய், பாறைக்குக் கீழே இறங்கி, கலர் மீன் பிடித்து இரத்மலானையில் ஒரு முதலாளிக்குக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்காரர் கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன். அந்த நாளில் இங்கே யாரும் சின்னப் போத்தல் கொண்டுபோவதில்லை. சுனில் யாரோ ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து ஒன்றை வாங்கி வந்து, "மச்சாங், உனக்குப் பொம்பளை பிள்ளை இருக்கு, நீ வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டான். சுனில் சிங்களவன், அவனுடைய தமிழ் அப்படித்தான், பெண்சாதிக்குத்தான் பொம்பளை என்பான். உன்னைத் தூக்கிக் காட்டி, "எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையடா, இவன்தான் இருக்கிறான்" என்று அப்பா ஒரு கிழமை அவனைப் பகிடி பண்ணினார்.

போத்தல் வந்துவிட்டது, கட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. சுனில் பஞ்சிகாவத்தையில் பழைய கார் சீட் பெல்ட் ஆறேழு கெஜம் வாங்கிவந்தான். பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைக்கிற என் மெஷினில் அதைக் கொடுத்து ஊசி ஊசியாக உடைத்தேன். அப்பா சாரத்தைக் கட்டிக்கொண்டு, வெறும் மேலில் டேங்கையும் மாட்டிக்கொண்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்ப்பார். "கலியாணத்துக்குக்கூட இவ்வளவு நேரம் கண்ணாடி பாக்கேல்ல நீங்க" என்பேன் நான். முதலில் பெரிய டேங்கோடு சேர்த்துப் பின்னால் கட்டிப் பார்த்தார். கைக்கு இடைஞ்சல் இல்லை, பாறைக்குள் நுழையும்போது ஒன்றிலும் கொழுவாது. ஆனால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது, காற்று எவ்வளவு என்று காட்டுகிற முள்ளைப் பார்க்க முடியாது, கை எட்டாது. சுனில் இன்னொரு யோசனை சொன்னான்: போத்தலே வேண்டாம், பெரிய டேங்கிலிருந்தே இரண்டாவது குழாய் ஒன்று எடுத்து விட்டால் சரி என்று. அப்பா சிரித்தார். "ஒரு பானைக்கு ரெண்டு அகப்பை போட்டாப்போல சோறு கூடுமாடா? பானை காஞ்சா ரெண்டு அகப்பையும் காயத்தான் செய்யும்" என்றார்.

கடைசியில் இடப்பக்கம், கக்கத்துக்குக் கீழே. மேலே தோளில் ஒரு கொளுக்கி, கீழே இடுப்பில் ஒரு கொளுக்கி. முள் கண்ணுக்குத் தெரியும். போத்தலின் வாயை ஒருதரம் திறந்து குழாயில் காற்றை ஏற்றிவிட்டு மூடி வைப்பார், தேவையானால் கை எட்டித் திறக்கலாம். வாயில் வைக்கிறதை ஒரு ரப்பர் வளையத்தில் நெஞ்சுக்கு நடுவே தொங்கவிட்டார், இருட்டிலும் கை போய்ப் பிடிக்க. அது ஒருபக்கமாய் இழுக்கும், வலையில் மாட்டும் என்று சுனில் தலையை ஆட்டினான். அதற்கு உன் அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. "பின்னால கட்டினா எனக்கு மட்டும்தான். பக்கத்தில கட்டினா கழட்டி உனக்கும் தரலாம்." அதுதான் காரணம், மகன். நீ நாளைக்கு யார் யாரையோ, நீந்தப் பழகி இரண்டு நாளான ஆட்களையெல்லாம், தண்ணிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போகப்போகிறாய். ஆகையால் உனக்கும் பக்கத்தில்தான். கழற்றிக் கொடுக்கிற மாதிரி.

அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அப்பா பட்டியோடு நடமாடும்போது நீயோ நானோ திடீரென்று "இப்ப!" என்று கத்துவோம். உடனே அவர் கண்ணை மூடி, கை நெஞ்சுக்குப் போய், வாயில் வைத்து, மற்றக் கை போத்தலைத் திறக்க வேண்டும். நீ கக்கூசுக்கு இருந்துகொண்டும் "இப்ப!" என்று கத்துவாய். பட்டி போடாமல் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் அவருடைய கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போய்விடும். நீ உருண்டு புரண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது. எனக்கு இருக்கிறது.

இனி, நான் எழும்பிப் போனதற்கான காரணம். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் வரிசைக்கு செக்கிங் வரும். இப்போதும் வருகிறதுதானே, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்படி ஒருமுறை வந்தபோது கட்டிலுக்குக் கீழே அந்தப் போத்தலைக் கண்டுவிட்டார்கள். குழாய் வைத்த இரும்பு, தமிழ் வீடு. ஒருவன் அதைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டான். அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றேன், உள்ளே விடவில்லை. சுனில் படகு லைசன்சையும் மீன் முதலாளியின் கடிதத்தையும் கொண்டுவந்து, மணிக்கணக்கில் சிங்களத்தில் கெஞ்சி, அப்பாவையும் போத்தலையும் மீட்டுக்கொண்டு வந்தான். என்ன நடந்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சட்டை மாற்றினார். அன்றைக்கு அந்தப் போத்தலை நான் வெறுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பெரிய டேங்கை சுனில் வீட்டில் விட்டுவிட்டார், சின்னதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஏனென்றால் கீழ்ப்பட்டி இன்னும் சரிவரவில்லை. "இதை இஞ்ச கொண்டராதீங்க எண்டு எத்தனை தரம் சொல்லுறது?" என்று கத்தினேன். "ரெண்டு தையல்தானப்பா, தைச்சுத் தா, கொண்டுபோறன்" என்றார். கோபத்தில் நான் அந்த இரண்டு தையலை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். பார், அதிலேயே என் பிழை தொடங்கிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு காலை, அப்பா மீன் முதலாளியைப் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து வரிசைக்குப் பொலிஸ்காரர் வந்துவிட்டார்கள் என்று சனம் ஓடிவந்தது. நான் போத்தலை யூனிஃபோர்ம் பைக்குள் வைத்து, மேலே வெள்ளைச் சட்டைகளை மடித்து அடுக்கி, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பாதையால் இறங்கி பஸ் எடுத்தேன். சுனில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றுதான் ஏறினேன், அந்தோனியார் அறிய இது உண்மை. வெள்ளவத்தையைத் தாண்டுவதற்குள் முன்னால் பஸ்கள் வரிசையாய் நின்றன. ஆட்களை இறக்கிப் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "பஹினவா, பஹினவா" என்று கொண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு இறங்கி, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். ரயில் தண்டவாளத்தைக் கடந்தேன். கல்லுக்கு மேல் ஏறி நின்று, அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, போத்தலைக் கடலில் போட்டேன்.

நீ "அப்பாட போத்தல்! அப்பாட போத்தல்!" என்று கத்தினாய். நான் உன் வாயைப் பொத்தினேன். பிறகு காலி வீதிக்கு வந்து உனக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கித் தந்து, "அப்பாட்ட சொல்லக்கூடாது, சொன்னா அப்பாவைத் திரும்ப ஜீப்பில ஏத்துவாங்க" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம். என்னுடைய வாய்க்கு அன்றைக்குப் புற்று வந்திருக்கலாம்.

பின்னேரம் அப்பா வந்தார். அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு, சுனிலைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லடியில் இறங்கி எடுத்திருப்பார். கடலுக்குள் விழுந்ததை எடுக்கிறதுதானே அவர்களுடைய தொழில். அது எனக்கு நல்லாகத் தெரிந்திருந்தது. எடுத்தால் திரும்பவும் வீட்டுக்கு வரும், திரும்பவும் ஜீப் வரும். அதனால் சொன்னேன், "செக்கிங் வந்தவங்க கொண்டு போயிட்டாங்க" என்று. கேட்கப் போகமாட்டார் என்று தெரிந்தே சொன்னேன். இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்த எந்தத் தமிழன், என் போத்தலைத் தாங்கோ என்று ஸ்டேஷன் படியேறுவான்? அப்பா, "உன்னைப் பேசினாங்களா? கை வச்சாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அது போதும்" என்றார். சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் நீ பழக்கதோஷத்தில் "இப்ப!" என்று கத்தினாய். அவருடைய கை நெஞ்சுக்குப் போனது. போன கையைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "அது ஸ்டேஷன்ல மகன்" என்றார். நீ சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். நான் எழும்பி குசினிக்குள் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் கல்கிசைக்கு நேரே உள்ள பாறையில் இறங்கினார்கள். சுனில் வேறு போத்தல் தேடித் தரும்வரை பொறு என்றிருக்கிறான். முதலாளி பிளேனில் அனுப்ப மீன் கேட்கிறார், ஆழமாய்ப் போகமாட்டேன், வா என்று அப்பாதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கீழே யாரோ கைவிட்ட பழைய வலை. அவருடைய டேங்க் அதில் மாட்டி, அதைக் கழற்றப் போராடியே காற்றை முடித்துவிட்டார். சுனில் கண்டுகொண்டு வந்தபோது அவனிடமும் காற்று அடிமட்டத்தில்தான் இருந்தது. தன் வாயில் இருந்ததை எடுத்து மாறி மாறிக் கொடுத்துக்கொண்டே வலையை வெட்டினான். அப்பா இரண்டுதரம் வாங்கினார். மூன்றாம் தரம் சுனில் நீட்டினபோது கையால் தள்ளிவிட்டு, மேலே போ என்று விரலைக் காட்டினாராம். படகில் இன்னொரு டேங்க் இருந்தது. சுனில் அதை எடுத்துக்கொண்டு திரும்பி இறங்கினான். உனக்கு நான் எப்போதும் இந்த இடத்தோடு நிறுத்துவேன். இப்போதும் நிறுத்துகிறேன்.

பொரளையில் அடக்கம் முடிந்து எட்டாம் நாள் சுனில் வந்து என் காலடியில் நிலத்தில் இருந்தான். "அக்கே, அந்த சின்ன போத்தல் இருந்தா அஞ்சு நிமிஷம் காத்து. எனக்கு வல வெட்ட அஞ்சு நிமிஷம் போதும் அக்கே" என்று தலையில் அடித்தான். அதோடு நின்றானா? நேரே ஸ்டேஷனுக்குப் போய், என் கூட்டாளியுடைய போத்தல் எங்கே என்று சத்தம் போட்டிருக்கிறான். அப்படி ஒன்று எடுக்கவே இல்லை என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்து, "முழு பொய் அக்கே. வெக்கமா இருக்கு. எங்கட ஆளுங்க செய்தது, என்னை மன்னிச்சுக்கோ" என்று என்னைக் கும்பிட்டான். நான் அவனுடைய மன்னிப்பை வாங்கிக்கொண்டேன், மகன். வாங்கிக்கொண்டு அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், வருஷாவருஷம் பூசைக்கு வந்தவர்களுக்கும், அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. நீ என் மடியில் இருந்து கேட்டாய். முதல் முதல் நான் சொன்னபோது, "இல்ல அம்மா, நாங்கதானே..." என்று தொடங்கினாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். பிறகு நீ தொடங்கவே இல்லை. கொஞ்சக் காலத்தில் கண்ணால் கண்டது உன்னிடமிருந்து போய், காதால் கேட்டதுதான் நின்றது. பத்து வயதில் காக்கிச் சட்டையைக் கண்டால் துப்புவாய். பதினேழு வயதில் செக்பொயின்டில் அடையாள அட்டையைக் கொடுக்கும்போது உன் கண்ணைப் பார்த்துவிட்டு நான் உனக்கு முன்னால் வந்து நின்றுகொள்வேன். அவர்கள் எங்களுக்குச் செய்தது கொஞ்சமில்லை, அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்தது உண்மை, அதை நீ மன்னிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்பாவுடைய போத்தலை அவர்கள் எடுக்கவில்லை. அதை எடுத்தது நான். இத்தனை வருஷமாய் நீ கடித்த பல்லெல்லாம் என்னுடைய பொய்க்குக் கடித்த பல்.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடலில் போட்டதற்குக் கடவுள் கோபிக்கமாட்டார், அது பயம், பொய்யைப் பிள்ளையிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். நீ பரீட்சை எடுக்கட்டும் என்றேன், வேலை கிடைக்கட்டும் என்றேன். பிறகு நீ சுனிலோடு கடலுக்குப் போகத் தொடங்கினாய், இனிச் சொன்னால் கடலுக்குள் நெஞ்சு கலங்கிவிடும் என்றேன். காரணத்துக்கா எனக்குப் பஞ்சம்? இந்தக் கடிதத்தையும் உன் பையின் அடியில் வைத்துத் தைத்துவிடத்தான் நினைத்தேன், நீ மாலைதீவில் போய்ப் பிரிக்கும்போது வாசிப்பாய், திரும்பி வந்து என்னோடு சண்டை பிடிக்க முடியாது என்று. முக்கால்வாசி எழுதின பிறகுதான், இதுவும் அந்தக் கல்லில் நின்று அங்கேயும் இங்கேயும் பார்த்த அதே புத்தி என்று விளங்கியது. ஆகையால் இதை உன் கட்டிலில் வைக்கிறேன், உன் போத்தலுக்குப் பக்கத்தில். நீ போவதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நாளைக்குக் காலை ரயிலில் கல்கிசைக்குப் போய் சுனிலிடமும் சொல்லப்போகிறேன். அவன் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவன் கும்பிட்ட கும்பிடைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கடிதத்தோடு ஒரு பட்டியும் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்துக்கு. மேல் கொளுக்கி தோளுக்கு, கீழ்க் கொளுக்கி இடுப்புக்கு, நெஞ்சுக்கு ரப்பர் வளையம். அன்றைக்குத் தைக்காமல் விட்ட அந்த இரண்டு தையலை இதில் நாலாகத் தைத்திருக்கிறேன். கண் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் கோணல், ஆனால் அறாது. இழுத்துப் பார்த்தேன்.

வாசித்து முடித்தால் வெளியே வா. முன் அறையில்தான் இருப்பேன், இந்தமுறை குசினிக்குள் ஓடமாட்டேன். ஏசவேண்டுமென்றால் ஏசு. கதைக்கப் பிடிக்காவிட்டால் கதைக்காதே, என்னைப் பார்க்காமலே பிளேன் ஏறு, அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது. என் கை பட்ட பட்டியைக் கட்ட மனம் வராவிட்டால், கொண்டுபோய்க் கடலில் எறி. எறிந்துவிட்டு, கடையில் வேறு ஒன்று வாங்கிக் கட்டு. போத்தல் இல்லாமல் மட்டும் இறங்காதே, மகன்.